பெரியதைச் சுற்றி முளைத்தவை

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், உங்க நிழல் விழுது" என்றார் புகைப்படக்காரர்.

நிழலாம்.

ஏறக்குறைய ஒரு வருஷமாக இந்த மேசையின் முன்னால்தான் நிற்கிறேன். இத்தனை நாளும் என் நிழல் யாருக்கும் இடைஞ்சலாகத் தெரியவில்லை.

தள்ளி நின்றேன்.

நான் நின்ற இடத்தில் மாப்பிள்ளை வந்து நின்றார். முதலாளியின் மகளைக் கட்டியவர். போன மாதம் கல்யாணம், இந்த மாதம் எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர். கதவில் அவர் பெயரைப் பொறித்துப் பலகை மாட்டியாகிவிட்டது. ஆனாலும் வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வெள்ளைக் கோட்டில் கடைக்காரன் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

மேசைமேல் என் தட்டு. உள்ளங்கை அகலம். உள்ளே ஜெல்லி போல உறைந்த உணவு. நடுவில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி ஊசிமுனை அளவில் சில குட்டிப் புள்ளிகள்.

அந்தக் கடுகுக்காகத்தான் ஒரு வருஷம்.

விளக்கம் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. இங்கே எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வந்ததே அதனால்தான். பால் செரிக்காத குழந்தைகளுக்கு ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணு வேறோர் உயிரில் இருக்கிறது. அதை வெட்டி, ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஒட்டி, பாக்டீரியாவுக்குள் அனுப்ப வேண்டும். பாக்டீரியா லேசில் கதவைத் திறக்காது. கால்சிய உப்பில் ஊறவைத்து, ஐஸில் உட்காரவைத்து, திடீரென்று சூடு காட்ட வேண்டும். முக்கால் நிமிடம். கூடினால் செத்துவிடும், குறைந்தால் திறக்காது. அந்த அதிர்ச்சியில் எங்கேயோ ஒன்றிரண்டு மட்டும் அந்நிய வளையத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இழுத்துக்கொண்டபின் வேற்றுமை பார்க்காது. தன்னுடையதைப் போலவே படியெடுத்து, பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு கொடுக்கும்.

எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

எது இழுத்துக்கொண்டது என்று கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. ஓர் ஆன்டிபயாடிக் மருந்தை முறிக்கும் மரபணுவையும் அதே வளையத்தில் சேர்த்துவிடுவோம். அந்த மருந்தைத் தட்டு முழுக்கக் கலந்துவிடுவோம். வளையம் இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும்.

எத்தனையோ தட்டுகள் வெறும் தட்டாகவே போன பிறகு முளைத்தது இந்த ஒன்று. இதிலிருந்து ஒரு துளிகூட நான் எடுத்துப் பத்திரப்படுத்தவில்லை. "படம் எடுக்கற வரைக்கும் தொடாதேம்மா, மாப்பிள்ளை கையால நடக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"டீச்சர், நான் என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லுங்க, பசிக்குது."

"இந்தப் பல்குச்சியால புள்ளியைத் தொட்டு, சீசாவுக்குள்ள போடணும் சார்."

"பல்லு குத்துற குச்சியா? இதுக்கா எங்க மாமா இவ்வளவு கொட்டி அழறாரு?"

புகைப்படக்காரர் சிரித்தார். நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த குச்சி அது. மாப்பிள்ளை அதன் முனையைக் கட்டைவிரலால் தடவிக் கூர் பார்த்தார்.

அந்த முனையால் என் ஒரே புள்ளியைக் கிளறினால் கண்ட கிருமியும் கலந்து எல்லாம் பாழ். ஒரு வருஷமும் ஒரு படத்துக்காகப் போகும்.

அவர் மூடியைத் திறந்து உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பெருசு வேணாம், கொப்புளம் மாதிரி அசிங்கமா இருக்கு. சுத்தி முத்து முத்தா இருக்கே, அதுல ஒண்ணு எடுக்கறேன். படத்துல அழகா விழும்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த முத்துகள் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அவற்றிடம் வளையமும் இல்லை, நொதியும் இல்லை. பெரியது தன்னைச் சுற்றியிருந்த மருந்தை முறித்துவிட்டது. அந்தப் பாதுகாப்பான வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, சும்மா முளைத்தவை அவை.

வாயை மூடிக்கொண்டேன்.

என் கைக்கெட்டும் தூரத்தில் உணவுக் கரைசல் நிரப்பிய இரண்டு சீசாக்கள் இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் குச்சியைப் போட்டார். ஃபிளாஷ் மின்னியது. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

நான் புதுக் குச்சியால் பெரியதைத் தொட்டு, மற்ற சீசாவில் போட்டேன்.

மறுநாள் இரண்டு சீசாவும் ஒரே மாதிரி கலங்கியிருந்தன, மோர்த்தண்ணீர் போல. மாப்பிள்ளையின் சீசாவை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நேற்றைய படம். போகிறவர் வருகிறவரையெல்லாம் முதலாளி நிறுத்திக் காட்டுகிறார். என்னையும் நிறுத்தினார்.

"கைராசிக்காரர்மா எங்க மாப்பிள்ளை! தொட்டாரு, வளந்துடுச்சு. நீ ஒரு வருஷம் முக்கினே."

வளராமல் என்ன செய்யும்? நான் அவரிடம் நீட்டியது மருந்து கலக்காத சீசா. மருந்து இல்லாத இடத்தில் எதுவும் வளரும். கலந்ததை நீட்டியிருந்தால் இன்று அது குடிதண்ணீர் போலத் தெளிந்திருக்கும். இன்னொரு புள்ளி வேண்டும் என்று இதே மாதிரி ஒரு குச்சியோடு என் தட்டைத் தேடி வந்திருப்பார்.

நாளைக்கு நொதியை வாங்கப்போகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சொந்தமாக மருந்து கலந்த தட்டு கொண்டுவருவார்கள். பெட்டியிலிருக்கும் சீசாவிலிருந்து ஒரு சொட்டை அதில் தடவிப் பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை.

"மாப்பிள்ளையே விளக்கிச் சொல்லட்டும்மா, நீ பேச வேணாம்" என்றிருக்கிறார் முதலாளி.

பேசமாட்டேன். தள்ளியே நிற்பேன், நிழல் விழாமல்.