அரை மில்லிமீட்டர்

டாக்டர் துளசிராமன் முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தாவீதின் பழைய பல் அச்சு இருந்த பெட்டியைக் கையில் எடுத்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஆபரேஷன் பண்ணி ஏழு வருஷம் ஆச்சும்மா. ராத்திரியில தட்டு போட்டுக்கிட்டுதான் படுத்தானா?"

"எங்க சார் போட்டுக்கினான்? ஒரு வருஷங்கூட போடல. பழையபடி சுருங்கிதான் இருக்கும்."

பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

தாவீது அவளுக்கு ஒரே மகன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. சின்ன வயதிலிருந்தே மேல்தாடை குறுகலாக இருந்ததால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வாயால்தான் மூச்சு விடுவான். அவனுடைய இருபத்து நான்காவது வயதில் ரோசம்மாள்தான் வற்புறுத்திச் சென்னைக்கு அழைத்துப்போனாள். எலும்பு முற்றிவிட்டது, கம்பி மட்டும் போதாது, தாடை எலும்பை அறுத்துத்தான் அகலப்படுத்த வேண்டும் என்று சொன்னவர் இதே துளசிராமன்.

அறுவைக்குப் பிறகு அண்ணத்தில் பொருத்திய திருகைத் தினமும் காலையில் ஒரு சின்னச் சாவியால் திருப்ப வேண்டியிருந்தது. மகனின் தலையை மடியில் வைத்து, அவளே இரண்டு வாரம் திருப்பினாள். முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்ததைப் பார்த்துப் பயந்து அழுதாள். பிறகு கம்பி கட்டி அந்த இடைவெளியையும் மூடினார்கள். அதற்கப்புறம் எடுத்த போட்டோவில்தான் தாவீது முதன்முதலாகப் பல் தெரியச் சிரித்தான்.

இரவில் வாய்க்குள் தட்டு மாட்டாவிட்டால் தாடை மறுபடியும் குறுகக்கூடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பேச்சு குழறுகிறது என்று தாவீது அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டான். அதற்காக அவள் அவனோடு போடாத சண்டையில்லை.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். வராந்தாவில் காத்திருந்த மற்ற இரண்டு குடும்பங்களும் அவரையே பார்த்தன. அச்சில் இருக்கும் அகலமும் இப்போதைய அகலமும் ஒன்றுதான், அரை மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். தட்டு போடாமலே தாடை இப்படி நிலைத்திருப்பது அபூர்வம் என்றார்.

ரோசம்மாள் அதை ஏற்கவில்லை. "சரியா அளந்தீங்களா சார்? தட்டு போடாதவனுக்கு சுருங்காம எப்படி இருக்கும்?"

"ரெண்டு தடவை அளந்தேம்மா."

"இன்னொரு தபா பாருங்க சார். கொறஞ்சிதான் இருக்கும்." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

டாக்டர் மறுபடியும் உள்ளே போனார். ஒரு நூலளவாவது குறைந்திருக்க வேண்டும் என்று ரோசம்மாள் கர்த்தரிடம் கெஞ்சினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், குறையவே கூடாது என்று இதே கர்த்தரிடம்தான் கெஞ்சியிருந்தாள்.

திரும்பி வந்த டாக்டர் கையுறைகளைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அளவு என்ன என்று அவள் கேட்கவில்லை.

"எரிஞ்ச மூணு உடம்புல, நடுவுல இருக்கிறது தாவீதுதாம்மா."