சாட்சிக்கு உடம்பு சரியில்லை

ஏழாவது சம்மனும் வந்துவிட்டது. இந்தத் தடவையும் வராவிட்டால் பிடிவாரன்ட்தான் என்று ஏட்டு கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக் கடைக்காரம்மா சம்மனைக் கல்லாவுக்குள் திணித்தாள். இருமல் மருந்து கேட்டவருக்கு வேறு எதையோ எடுத்துக் கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டாள்.

நாலரை வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பட்டப்பகலில், கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும்போது எவனோ பின்னாலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மூன்றாம் நாள் ஸ்டேஷனில் ஒருவனை நிறுத்திக் காட்டினார்கள். அதே தெருவில் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பெயின்டர். இவன்தானே என்று கேட்டார்கள். தலையாட்டிவிட்டாள். அப்போது அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்படியும் ஜாமீனில் வந்திருப்பான், சமயம் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு. கடை வாசலில் எவனாவது சேர்ந்தாற்போல் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாள். வீட்டுக்குப் போகிற வழியை மாற்றினாள். கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டாள்.

சம்மன் வரும்போதெல்லாம் அவள் வீட்டுக்காரர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "நமக்கெதுக்கு வம்பு? நீ போய் சாட்சி சொல்லி, அவன் ஆளுங்க கடைக்கு வந்து நின்னா யார் பார்க்கிறது?"

பக்கத்து கிளினிக் டாக்டர் தெரிந்தவர். மஞ்சள் காமாலை, டைபாய்டு, முதுகுத் தண்டில் கோளாறு என்று கோர்ட்டுக்கு அனுப்ப ஆறு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருந்தார்.

கேஸ் என்ன ஆச்சு என்று யாராவது விசாரித்தால் மட்டும் அலுத்துக்கொள்வாள், நம் காலத்தில் எந்தக் கோர்ட்டு தீர்ப்பு சொல்லப்போகிறது என்று.

இந்த முறை தப்ப வழியில்லை. வீட்டுக்காரர் கையை இறுகப் பிடித்தபடி கோர்ட் படியேறினாள்.

கூண்டில் நின்றவனைப் பார்த்ததும் அந்தப் பெயின்டர்தானா என்று குழம்பிப்போனாள். ஒட்டிய கன்னம், காதோரம் முழுக்க நரை, தோளில் மாட்டித் தொங்கவிட்டது போல ஒரு சட்டை. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"உங்க சங்கிலியை அறுத்தது இவர்தானா?" என்று நீதிபதி கேட்டார்.

இல்லை என்றால் போலீஸ் என்ன செய்யுமோ, ஆமாம் என்றால் இவன் என்ன செய்வானோ. ஆனால் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை.

"தெரியலைங்க ஐயா. அன்னைக்கு ஓடுனவன் முதுகைத்தான் பார்த்தேன். ஸ்டேஷன்ல கேட்டாங்க, பயத்துல தலையாட்டிட்டேன்."

வேறு சாட்சியே இல்லை. நீதிபதி கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே மூன்று வருஷம், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் இவர் நாலரை வருஷமாக ஜெயிலிலேயே இருந்திருக்கிறார். பிறகு, விடுதலை என்றார்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் இத்தனை நாளும் அவன் வெளியில் வரவே இல்லை.

வராந்தாவில் அவன் நேராக அவளை நோக்கித்தான் வந்தான். கூட வந்த போலீஸ்காரரும் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் சத்தமில்லாமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். அவளுக்கு ஒளிந்துகொள்ள முதுகு கூட இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப உடம்பு பரவாயில்லையாம்மா?"

கண்ணைத் திறந்தாள்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சிக்கு உடம்பு சரியில்லைன்னு படிப்பாங்க. நீங்க வந்தாத்தானே எனக்குக் கேஸ் நடக்கும்? உங்களுக்குச் சீக்கிரம் குணமாகணும்னு உள்ள தினமும் வேண்டிக்கிட்டேம்மா."