விழுந்தால் விழுந்ததுதான்

“இன்னும் ஒரு அடி தாங்குமா?” என்று கட்டிலில் படுத்திருந்த அண்ணன் கேட்டான்.

“தாங்கும். நீ பேசாம படு,” என்றாள் பக்கத்து நாற்காலியில் கையடக்க வீடியோ கேம் கருவியோடு இருந்த தங்கை. மூன்று நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை. அவள்தான் அதட்டிப் படுக்க வைத்திருந்தாள்.

“கட்டில் பூரா ரொட்டி வாசனை.”

“பேக்கரிக்காரன் மேல பின்ன பன்னீர் வாசனையா வரும்?” என்றான்.

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. மருத்துவமனைச் சுவரில் இருந்த கடிகாரம் மூன்றேகால் காட்டியது. ஆபரேஷன் நான்கு மணிக்கு. அதற்குள் இந்த விளையாட்டை முடித்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பத்து வருடத்தில் ஒருமுறைகூட அவர்கள் கடைசிவரை போனதில்லை.

காடு காடாகத் திரிந்து, விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு விடும் விளையாட்டு. சின்னப் பிள்ளைகள்கூட ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் இந்த வீட்டில் அண்ணன் போட்ட சட்டங்கள் இருந்தன. ஒரு காட்டில் முதலில் எதிர்ப்படும் பிராணியை மட்டும்தான் பிடிக்கலாம். பிடித்ததற்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும். சண்டையில் மயங்கி விழுந்தால் அது செத்துப்போனதாக அர்த்தம். பையில் மருந்து இருந்தாலும் எழுப்பக் கூடாது, காட்டில் விட்டுவிட வேண்டும்.

இந்த முறை பிடித்த பதினொன்றில் பத்து போய்விட்டன. மிஞ்சியது வாலு. அணில் அளவு உடம்பு, அதைவிடப் பெரிய வால். அண்ணன் அந்தப் பெயரை வைத்த அன்று தங்கை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

கதவு திறந்தது. செவிலியர் எட்டிப் பார்த்தார்.

“படுத்திருக்காரா? சரி, கொஞ்ச நேரம் கண்ணை மூடட்டும். ஆள் வரும்போது எழுப்பிக்கலாம்,” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் கண்ணை மூடவில்லை. தலையணையிலிருந்து கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான். எதிரே கடைசிக் காவலனின் கல் ஆமை நின்றது. அதற்கும் உயிர் கொஞ்சம்தான் மிச்சம்.

“இப்ப அடிக்காத. ஒதுங்கு. அது ஒரு தடவை சும்மா சுத்தட்டும், அப்புறம் பாய்.”

தங்கை பிளாஸ்திரி ஒட்டிய வலது கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தாள். ஒதுங்கும் பொத்தான் வலது ஓரத்தில் இருந்தது. கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை. நடுப்பொத்தான் அமுங்கிவிட்டது.

வாலு பாய்ந்தது. ஆமை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான்.

திரையில் வாலு சுருண்டு கிடந்தது. கீழே இரண்டு வரி வந்து நின்றது: ‘மருந்து கொடு. காட்டில் விடு.’

“விரல் எட்டல,” என்றாள்.

“மருந்து கொடு.”

“என்னது?”

“பையில இருக்குல்ல? கொடு. எழுப்பு.”

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். “சட்டம்?”

“நான்தானே போட்டேன். நானே அழிச்சிடறேன்.”

“எனக்கு ஒன்பது வயசுல, இதே ஆட்டத்துல நான் பிடிச்ச பஞ்சு விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா? மூணு நாள் அழுதேன். சாப்பிடாம கிடந்தேன். நீ என்ன சொன்ன?”

அவன் போர்வை நுனியை விரலில் சுற்றினான்.

“விழுந்தா விழுந்ததுதான். அப்பத்தான் இருக்கிறவங்களைப் பத்திரமா பாத்துக்குவேன்னு சொன்ன. அப்பவே பெரிய மனுஷன் மாதிரி. பதினாலு வயசுக்கு என்ன பேச்சு!”

“அது அப்ப,” என்றான். “ஒண்ணும் தெரியாத வயசு. ஒரே ஒரு தடவை, எழுப்பிடேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“நமக்குத் தெரியும்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்குவது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அவனுடைய ஷூவில் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. தங்கை அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருக்கா?”

திரும்பாமலே தலையை ஆட்டினான்.

“பயப்படாதன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு.”

“அவரு பாதிக்குப் பாதின்னு சொன்னாரு. அதை விட்டுட்ட.”

“பாதின்னா கொஞ்சமா? இந்த ஆட்டத்துல நமக்கு எப்பவாவது பாதி கிடைச்சிருக்கா?” அவள் கருவியை அவன் தோளுக்கு மேலே நீட்டினாள். “இந்தா. சட்டம் போட்டவன் நீ. நீயே அழுத்து.”

அவன் புரண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். இரண்டு வரிகளும் மாறி மாறி மின்னின. கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

வெளியே சக்கரங்கள் உருளும் சத்தம் நெருங்கி வந்து நின்றது. கதவை முழுக்கத் திறந்துகொண்டு செவிலியர் உள்ளே வந்தார். பின்னால் பச்சை உடையில் இரண்டு பேர்.

செவிலியர் அண்ணனின் தோளை மெதுவாகத் தொட்டார்.

“எழுந்திரிங்க தம்பி, உங்க தங்கச்சியை, அதான் உங்க வாலுவை, ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சு.”