மக்கு மாமா

"இதைவிட மக்கான கம்ப்யூட்டரை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல டீச்சர்!"

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் திரையைப் படித்தார். 'ரெண்டுல ஒரு பங்கு அரை. நாலுல ஒரு பங்கு கால். ரெண்டைவிட நாலு பெரிசு. அப்போ அரையைவிடக் கால்தானே பெரிசு?'

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் அந்த ஒரு கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டிருந்தது. "இல்ல மாமா!" என்று கத்திப் பயனில்லை. பிள்ளைகள் 'மக்கு மாமா' என்று பெயர் வைத்திருந்த அந்த மிஷினுக்குக் காது கிடையாது, எழுதித்தான் காட்ட வேண்டும்.

"என்ன கூத்து இது? மிஷின் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரும்னு பார்த்தா, பிள்ளைங்க மிஷினுக்குப் பாடம் எடுக்குதுங்க!"

"சொல்லிக்கொடுக்கும்போதுதான் மேடம் அவங்களுக்கே புரியுது. இவளைப் பாருங்க" என்றாள் கணக்கு டீச்சர்.

வகுப்பே ஊமைக்கோட்டான் என்று பட்டம் கட்டிய பெண் அவள். கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். இப்போது ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். 'மாமா, ஒரு பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்தா தாராளமா இருக்கும். அதே பெஞ்சுல நாலு பேர் உக்காந்தா? ஆளுக்குக் கொஞ்சம்தான் இடம். புரியுதா?'

தலைமையாசிரியைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"ஊர் சிரிக்கும் டீச்சர். இன்னிக்கே தாளாளர்கிட்ட சொல்லி இதை மூட்டை கட்டறேன்."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. வருடக்கணக்காகக் கெஞ்சி வாங்கிய கம்ப்யூட்டர் அது.

"மேடம், இந்த பீரியடுல அவர் கதவைத் திறக்கமாட்டாரே?"

"தெரியும். தினமும் இந்த நேரத்துக்குச் சாத்திக்கிட்டா மந்திரியே வந்தாலும் பார்க்கமாட்டார். தலைக்கு மேல வேலை மனுஷனுக்கு. முடியட்டும், பேசிக்கறேன்."

சொன்னவர் சும்மா போயிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினார்.

"மேடம், அதுல திட்டி மட்டும் எழுதிடாதீங்க..."

"ஏன், மிஷினுக்கு மனசு நோகுமா?"

படபடவென்று தட்டினார். 'அடி முட்டாளே! உன்னை இன்றைக்கே தூக்கி எறியச் சொல்கிறேன்.'

திரை பதில் சொல்லவில்லை. "பாவம் மாமா" என்றாள் ஊமைக்கோட்டான். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு வாசலையே பார்த்தாள்.

எதிர் அறையின் கதவு திறந்தது. தாளாளர் நேராக வகுப்புக்குள் வந்தார். தலைமையாசிரியை பதறி எழுந்தார்.

"சார், நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன். இந்தக் கம்ப்யூட்டர்..."

அவர் நிற்கவே இல்லை. பிள்ளைகளிடம் போய், "அந்த பெஞ்சுக் கணக்கை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

எல்லா விரல்களும் ஊமைக்கோட்டானைக் காட்டின. அவள் எழுந்து நின்றாள்.

தாளாளர் அவள் முன்னால் குனிந்தார்.

"மூணாங்கிளாஸோட நின்னவன்மா நான். இத்தனை வயசுக்கு இன்னிக்குத்தான் இது மண்டையில ஏறுச்சு. நாளைக்கு அரையையும் காலையும் கூட்டறதுக்குச் சொல்லிக்கொடு, அதுக்குள்ள மேடம் என்னைத் தூக்கி எறியாம இருந்தாங்கன்னா!"