மலைப்பாதை தெரிந்தால் போதும்

கணவன் ரங்கனின் கையைப் பிடித்து, மலையிலிருந்து ஆலங்காயம் கண் முகாமுக்கு அழைத்து வந்திருந்தாள் அம்மாக்கண்ணு.

“கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ஏறியிருக்கு. நீர் வடிய வழி பண்ணணும்,” என்றாள் டாக்டர் சகுந்தலா. “பழைய முறையில ஓட்டை போட்டு அப்படியே விட்டுடுவோம். அழுத்தம் நல்லா இறங்கும். ஆனா, பின்னாடி சீழ் பிடிக்கலாம். புது முறையில ஓட்டைமேல மூடி மாதிரி வச்சுத் தைப்போம். அந்தப் பயம் குறைவு. ஆனா, சில பேருக்கு அந்த ஓட்டை அடைச்சுக்கும்.”

“அடைச்சிக்கினா மறுபடி பண்ணலாங்களா?” என்றாள் அம்மாக்கண்ணு.

“பண்ணலாம்.”

“சீழ் புடிச்சா?”

“கண்ணே போயிடலாம்.”

“அப்ப புதுசே பண்ணுங்க.”

மலையிலிருந்து வந்தவள் கேள்வி கேட்டாலே நர்ஸ் நீலாவதிக்குப் பொறுக்காது. “இன்னாம்மா, வூட்டுக்காரரு வாயே தொறக்கல, நீயே தீர்ப்பு சொல்ற?”

“அவ சொன்னா சரிதாம்மா,” என்று சிரித்தான் ரங்கன்.

அம்மாக்கண்ணு விடவில்லை. “ஆபரேஷன் ஜெயிச்சிதுன்னு எப்டிங்க தெரியும்?”

“போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வை அப்படியே நின்னா ஜெயிச்சோம்னு அர்த்தம்.”

“மலைப்பாதை தெரிஞ்சா போதுங்க.”

“கேட்டது போதும். எழுந்திருங்க பெரியவரே,” என்று நீலாவதி ரங்கனின் கையைப் பிடித்தாள்.

“எனக்கு இன்னாத்துக்கும்மா? எனக்கு ரெண்டு கண்ணும் எப்பவோ போச்சு. ஆபரேஷன் அவளுக்கு. அவளுக்கு மிச்சம் இருக்கிற பார்வையிலதான் நாங்க ரெண்டு பேரும் நடக்கறோம்.”

நீலாவதி கையை விட்டாள்.

அம்மாக்கண்ணு அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். “இங்கயே குந்தியிரு. கட்டு பிரிச்சதும் நான்தான் உன்ன கூட்டிக்கினு போவேன்.”

யார் துணையும் இல்லாமல் ஆபரேஷன் அறைக்குள் நடந்தாள்.