வடக்குச் சுவரில் ஓர் அறை

இன்னும் இரண்டே கல் பாக்கி. அதையும் வைத்துவிட்டால் ஹில்டாவின் முகம் மறைந்துவிடும்.

“தலையைக் கொஞ்சம் பின்னால இழு. சுண்ணாம்பு தெறிச்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவே” என்றார் டெஸ்மண்ட். உள்ளே இருந்தவள் தலையை இழுத்துக்கொண்டாள். பாதிரியார் இறந்தவர்களுக்கான ஜெபத்தைப் படித்து முடித்தார்.

இரண்டு கல்லும் உட்கார்ந்தன. டெஸ்மண்ட் கொத்துக்கரண்டியால் பூச்சை வழித்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவளை நானே உசிரோட வெச்சுக் கட்டிட்டேன், பார்த்துக்குங்க!”

யாரும் சிரிக்கவில்லை. மழை தூற ஆரம்பித்தது.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஓர் அறை இருந்தது. ஒரு பெண் அதற்குள் போனவள் போனவள்தான். செத்த பிறகும் வெளியே வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாக்டர் பிலிப்பா, தன் இருபது வருஷ ஆராய்ச்சி அலமாரியிலேயே தூங்கக்கூடாது என்று அதே அறையைக் கட்டவைத்து, அதே சடங்கை ஊர் பார்க்க நடத்தினார்.

அரை மணி நேரம் உள்ளே உட்கார ஒரு பெண் வேண்டும் என்று அவர் கேட்டதும், சட்டென்று ஹில்டாவின் பெயரைக் கொடுத்தவர் டெஸ்மண்ட். சுவர் கட்டுகிற கொத்தனாரே அவர்தான், உட்காரத் தன் மனைவி இருக்கும்போது வெளியாள் எதற்கு? ஹில்டாவை அவர் கேட்கவில்லை. எதற்குமே கேட்கிற வழக்கமில்லை.

“பாவம், அந்தக் காலத்துப் பொம்பளைங்க என்ன தப்பு பண்ணினாங்கன்னு இப்படி ஒரு தண்டனை?” என்று கேட்டாள், முன்னால் நின்ற தபாலாபீஸ் அம்மாள்.

“எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் கேக்கறாங்க” என்றார் பிலிப்பா. “தண்டனையே இல்லீங்க. தனியா இருந்து ஜெபம் பண்ணணும்னு அவங்களே பிஷப்புக்கு மனுப் போட்டு, காத்துக் கிடந்து உள்ள போனவங்க. அவங்களுக்குன்னே அந்தக் கால இங்கிலீஷ்ல எழுதின புத்தகங்களைத்தான் நான் இத்தனை வருஷமாப் படிச்சுட்டிருக்கேன்.”

டெஸ்மண்ட் காதில் இது எதுவும் விழவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பிடித்துவைத்து, சுண்ணாம்புக்கு எத்தனை பங்கு மணல் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அரை மணி ஆயிற்று. அறைக்கு இருந்த ஒரே சின்ன ஜன்னலைப் பிலிப்பா தட்டினார். அதன் பலகைக் கதவுக்குப் பழைய முறைப்படி உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்.

“ஹில்டா, முடிஞ்சுதும்மா. ஜன்னலைத் திறங்க.”

பதில் இல்லை.

“தூங்கிட்டாளோ என்னமோ” என்று யாரோ சிரித்தார்கள். பிலிப்பா மறுபடியும் தட்டினார். மூன்றாவது தடவையும் தட்டினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“காத்துக்கு வழி விட்டீங்கதானே, டெஸ்மண்ட்?”

“மேல நாலு விரல் சந்து விட்டிருக்கேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

“அவளுக்கு இரைப்பு உண்டே!” தபாலாபீஸ் அம்மாளின் குரல் கிறீச்சிட்டது. “மருந்தைக் கையில வெச்சிருக்காளா?”

டெஸ்மண்டின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. அவளுடைய பர்ஸும், வீட்டுச் சாவியும், மூக்குக்கண்ணாடியும்கூட அங்கேதான் இருந்தன. அவள் தொலைத்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்வார்.

சுவரில் காதை வைத்தார். ஒரு இருமல் கேட்டிருந்தால்கூடப் போதும், உயிர் வந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. சந்து வழியே எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் இருந்தது.

“ஐயோ, இதை நான் ஆரம்பிச்சிருக்கவே கூடாது” என்று பிலிப்பா கையைப் பிசைந்தார். பாதிரியார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். சற்று முன் அவர் படித்த ஜெபம் எல்லோர் நினைவிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஹில்டா! இதோ வந்துட்டேன்டி!”

அது தன்னுடைய குரல் என்றே டெஸ்மண்டுக்குத் தெரியவில்லை. பூச்சு இன்னும் காயாததால் முதல் கல் கையோடு வந்தது. இரண்டாவது நழுவிக் காலில் விழுந்தது, வலிக்கவில்லை. ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. அவள் போய்விட்டால் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது கல் வந்ததும் வெளிச்சம் உள்ளே போனது.

ஹில்டா முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. கண் திறந்திருந்தது, மூச்சு இரைப்பில்லாமல் சீராக வந்துகொண்டிருந்தது. முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்துப் பல வருஷமாயிற்று.

டெஸ்மண்டுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“உசிரே போயிடுச்சுடி எனக்கு! இத்தனை பேர் கத்தறோம், காதுல விழலையா?”

“விழுந்துது.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?”

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை, அவசரமுமில்லை.

“எடுத்த கல்லைத் திரும்ப வெச்சுடு, டெஸ்மண்ட்.”