நாற்பது பேர் வருகை

"தினம் ஒரு மணி நேரம் மிஷின் தரணும்னு ரூல் இருக்குங்க. நீங்க இருபது நிமிஷந்தான் தர்றீங்க" என்றாள் என் அக்கா கஸ்தூரி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முதலாளி பஞ்சாட்சரம் அவளுடைய அரசுப் பரீட்சை விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார்.

"ரூல் பேசற வாய்க்குப் பரீட்சை எதுக்கும்மா?"

அதே மாலை வகுப்பில் இருந்த நான் பேசவில்லை. கோழை என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

மார்கழியில் வேலூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் தினம் ஒரு மணி நேரம் இருந்தது. பஞ்சாட்சரம் சிரித்தார்.

இன்ஸ்பெக்டரின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"கார்த்திகை தீபத்தன்னிக்கு, சாயந்திரம் ஆறு மணிக்கு, நாப்பது பேரும் இங்க டைப் அடிச்சாங்களா? ஊரே மலையைப் பார்த்துக்கிட்டு நிக்கிற நேரத்துல?"

"கை தவறிப் போச்சுங்க..."

"நாப்பது பேருக்குமா? அங்கீகாரத்தை ரத்து பண்ண எழுதறேன். பிள்ளைங்க விண்ணப்பத்தை நேரா என்கிட்ட குடுக்கட்டும்."

பஞ்சாட்சரம் என்னை முறைத்தார். ஆனால் எதுவும் சொல்ல முடியவில்லை. முந்தின நாள்தான் என்னைக் கூப்பிட்டு, "நீ உங்க அக்கா மாதிரி இல்ல, வாயில்லாப் பூச்சி. கையெழுத்தும் அழகு. பதிவேட்டுல மூணு மாசத்தையும் நிரப்பிடுடா" என்றிருந்தார்.

தேதி தப்பிவிடுமோ என்ற பயத்தில், காலண்டரை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் தீப நாளை நிரப்பினேன்.